விபத்தில்லாத ஆயிரமாவது நாளும் பதினொரு வகைக் கோழியும்

மனித நாகரிகத்தின் வரலாற்றை மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம்: கோழியைத் துரத்திய காலம், கோழியை வளர்த்த காலம், கோழியைப் பதினொரு பெயர்களில் பிரித்துக் குச்சியில் கோத்த காலம். முதலிரண்டு கட்டங்களிலேயே நெடுநாள் தங்கிவிட்ட கும்மிடிப்பூண்டி வட்டாரம், சென்ற மாதம் ஒரு புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு மூன்றாவது கட்டத்தில் அடியெடுத்து வைத்தது. அதன் கையைப் பிடித்து அழைத்துச் சென்றவர் திருவள்ளூர் ஸம்பத்குமார். அவர் கோழி உண்ணாதவர் என்பது அச்சாதனையின் பெருமையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பூங்காவில், கார்களுக்கான தகட்டு உறுப்புகளை அழுத்தி எடுக்கும் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் மனிதவளத் துறைத் துணைப் பொது மேலாளர் அவர். ‘துணை’ என்ற சொல் வரும் ஏப்ரலில் உதிர்ந்துவிடும் என்று நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன. நம்பத்தகுந்த வட்டாரங்கள் என்பது அவரும் அவருடைய மனைவி கமலவல்லியும்.

நிறுவனத்தின் வாயிலில் ஒரு மின்னணுப் பலகை உண்டு. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று சிவப்பு எழுத்தில் ஒளிரும். அதன் கீழே ஓர் எண். நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அந்த எண் ஒன்று கூடும். தொழிற்சாலையில் யாருக்காவது அடிபட்டால் அது பூஜ்ஜியத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. ஆயிரத்தை எட்டும் கிளைக்கு ஜப்பானியத் தலைமையகம் ஒரு பட்டுக் கொடியும், அதன் மனிதவளத் தலைவருக்கு உரிய ‘அங்கீகாரமும்’ வழங்கும் என்பதும் விதி. இரண்டு விதிகளுக்கும் இடையே எப்போதாவது பூசல் நேர்ந்தால் இரண்டாவதன் பக்கம் நிற்பவரே நிர்வாகி.

பூசல் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் நாளன்று நேர்ந்தது. செவ்வாய்க்கிழமை. முற்பகல் பதினொன்று பத்து. நான்காம் எண் பிரஸ்ஸில் வேலை செய்துகொண்டிருந்த ஜெரால்ட் என்ற தொழிலாளியின் வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும், காரின் கதவுக்குரிய ஒரு தகட்டோடு சேர்ந்து அழுத்தப்பட்டன. கதவுத் தகடு தரச் சோதனையில் நிராகரிக்கப்பட்டது.

சாமானிய அதிகாரியாக இருந்திருந்தால் பதறியிருப்பார். ஸம்பத்குமார் சிந்தித்தார். பதினைந்து நிமிடங்களில் ஜெரால்ட், ஆம்புலன்ஸ் என்ற ஆடம்பரம் இல்லாமல், நிறுவனக் காரின் பின்னிருக்கையில் துண்டு சுற்றிய கையோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றுகொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் அவருக்கு அன்றைய தேதியில் விடுப்பு அனுமதிக்கப்பட்டது. எட்டு ஆண்டுப் பணியில், கேட்காமலேயே அவருக்குக் கிடைத்த முதல் விடுப்பு அதுதான். மாலைக்குள் அறிக்கை தயாராகிவிட்டது: ‘மேற்படி தொழிலாளி விடுப்பு நாளில், தமது இல்லத்தில், கோழி வெட்டுகையில், கவனக்குறைவால் விரல்களை இழந்தார்.’

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பலகை தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது என்று ஒளிர்ந்தது. ஒரு மனிதனின் இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியாத நிலையில் ஓர் எண்ணின் மூன்று இலக்கங்களைக் காப்பாற்றியவரை வரலாறு எந்தப் பெயரால் அழைக்கும் என்பது தெரியவில்லை. அவர் தம்மைக் ‘களத்தில் நிற்கும் தலைவன்’ என்று அழைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு குறை இருந்தது. தலைமையகம் சந்தேகம் பிடித்தது. வீட்டில் நேர்ந்த விபத்துக்கும் ஒரு சாட்சியின் கையெழுத்து வேண்டும் என்றது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஜெரால்டுக்கு இரண்டடி தள்ளி, மூன்றாம் எண் பிரஸ்ஸில் நின்றவர் ஆசீர்வாதம், ஐம்பது வயது, அப்பிரிவின் மூத்த தொழிலாளி, ஜெரால்டின் மனைவி சோனியாவுக்கு உடன்பிறந்த அண்ணன். ‘கோழி வெட்டும்போது நான் உடனிருந்தேன்’ என்று அவர் கையெழுத்திட்டால் கொடி வரும், ‘துணை’ உதிரும். கூடவே, வீட்டில் விரலை இழந்தவருக்கு நிறுவனம் இழப்பீடோ மாற்று வேலையோ தரவேண்டிய கட்டாயமும் ஒழியும். அவர் மூன்று வாரமாகக் கையெழுத்திடவில்லை. “பாக்கலாம் சார்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டியில் அதற்கு ‘மாட்டேன்’ என்று பொருள் என்பதை ஸம்பத்குமார் அறிவார்.

ஆகவே ஆயிரமாவது நாளின் விருந்துக்கு ஆசீர்வாதம் ‘தொழிலாளர் பிரதிநிதி’யாக அழைக்கப்பட்டார்.

விருந்து நடந்த இடம் இஸகாயா. குடித்துக்கொண்டே சாப்பிடுவதற்கும், சாப்பிட்டுக்கொண்டே குடிப்பதற்குமான ஜப்பானியக் கூடம் அது. நெடுஞ்சாலையோரம் ஜப்பானியப் பொறியாளர்கள் தங்குகிற விடுதியின் முதல் மாடியில் இருந்தது. வாசலில் சிவப்புக் காகித விளக்கு. உள்ளே தாழ்ந்த மேசை, தரையில் பாய், சுவரெங்கும் யாருக்கும் புரியாத எழுத்து. சமையல் மேடையில் நின்றவர் அந்தோணி, முன்பு பெரியபாளையம் சாலையில் பிரியாணிக் கடை மாஸ்டர், இப்போது ‘செஃப்’. ஆலைத் தலைவர் மொரித்தா நடுவில் அமர்ந்தார். அவருக்கு ஒருபுறம் ஸம்பத்குமார். எதிரே ஆசீர்வாதம். பக்கவாட்டில் மொழிபெயர்ப்பாளர் கல்பனா. வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்ப் போய் நான்கு ஆண்டுகளில் ஜப்பானிய மொழியைக் கற்றுத் தேர்ந்தவள்.

படியேறும்போதே ஸம்பத்குமார் அவளை ஓரமாக அழைத்து அறிவுரை கூறியிருந்தார்.

“இதோ பாரும்மா. அங்கே பேசற எல்லாத்தையும் மொழிபெயர்க்க வேண்டாம். தேவையானதை மட்டும் சொன்னா போதும்.”

“தேவையானதுன்னா எது சார்?”

“நான் சொல்றது.”

அன்றுவரை ‘நீ’யாக இருந்த ஆசீர்வாதம் அன்று மாலை ‘நீங்க’ ஆனார்.

“வாங்க ஆசீர்வாதம், வாங்க! இப்படி வசதியா உக்காருங்க. இன்னிக்கு நீங்கதான் ஹீரோ.”

“ஷூவ கழட்டணுமா சார்? சாக்ஸ்ல ஓட்ட கீது.”

“ஜப்பான்ல அதெல்லாம் பாக்க மாட்டா.”

மொரித்தா பார்த்தார். பார்த்துவிட்டுத் தலை குனிந்து வணங்கினார்.

அந்த விருந்தின் தலையாய மரபு, தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது என்பது. எதிரில் இருப்பவருடைய கோப்பை காலியானால் உடனே நிரப்ப வேண்டும். ஆசீர்வாதம் ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவர், மது தொடாதவர் என்பதால் மொரித்தா அவருக்குத் தம் கையாலேயே குளிர்ந்த கசப்புத் தேநீர் ஊற்றினார். ஊற்றிக் கொடுத்ததை மிச்சம் வைத்தால் கொடுத்தவருக்கு மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர் ஆசீர்வாதம். ஒரே மூச்சில் காலி செய்தார். காலிக் கோப்பையைக் கண்டால் தமக்கு மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர் மொரித்தா, உடனே நிரப்பினார். இருதரப்பு மரியாதையும் இவ்வாறு ஏழு கோப்பைவரை இடைவிடாது தொடர்ந்தது. எட்டாவதில் ஆசீர்வாதம் கல்பனாவிடம் குனிந்தார்.

“இன்னாம்மா இது, பேஜாரா கீது. வுட மாட்றாரே மனுசன்.”

“பாதி குடிச்சிட்டு வெச்சிடுங்கண்ணா. ஊத்த மாட்டார்.”

“மொதல்லயே சொல்லக்கூடாதா?”

“எல்லாத்தையும் சொல்ல வேணாம்னு ஆர்டர்ணா.”

ஸம்பத்குமார் பீர் அருந்தினார். பார்லி ஒரு தானியம், தானியத்தை ஊறவைத்த நீரை எந்த ஆசாரமும் பெயர் சொல்லித் தடுக்கவில்லை என்பது அவருடைய ஆய்வு முடிவு. கைப்பேசி ஒலித்தது. கமலவல்லி.

“மீட்டிங்ல இருக்கேன். ... ஆமாம், ஜப்பான்காராளோட. ... சாப்பாடா? ஏதோ அவல், பொரி மாதிரி. வந்துண்டே இருக்கேன்.”

அவருக்கென்று தனியாகச் சூடான டோஃபு என்ற சோயாக் கட்டி வந்தது. அதன் மேல் மரத்தைச் சீவியது போன்ற மெல்லிய செதில்கள் ஆவியில் நெளிந்து ஆடிக்கொண்டிருந்தன. தாவர உணவில் இப்படியொரு உயிர்த்துடிப்பை அவர் கண்டதில்லை. இரண்டு தட்டு சாப்பிட்டார்.

பிறகு கோழி வந்தது. ‘யாகிதோரி’ என்பது அதன் பட்டப்பெயர். கரியில் வாட்டிய கோழிக் குச்சி. முதலில் தொடை. பிறகு தோல் மட்டும். பிறகு குருத்தெலும்பு மட்டும். பிறகு ஈரல், இதயம், கழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தட்டு. அந்தோணி ஒவ்வொன்றையும் இரு கைகளால் ஏந்தி வந்து அறிவித்தார்.

ஆசீர்வாதம் ஒரு குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது கோழியோட வால் பக்கம்தான அந்தோணி?”

“ஆமாண்ணா. இதுதான் இங்க ஸ்பெஷல். ஒரு கோழிக்கு ஒண்ணுதான் வரும்.”

“நம்ம கடையில இத நாய்க்குப் போடுவியே.”

“அப்ப நான் செஃப் இல்லண்ணா.”

இதைக் கல்பனா மொழிபெயர்த்தாள். மொரித்தா வாய்விட்டுச் சிரித்து, தம் கொள்கையை விளக்கினார். கல்பனா சொன்னாள்: “சார் சொல்றார், ஒரு கோழியில எந்தப் பாகமும் வீணாகக்கூடாதாம். தொழிற்சாலையும் அப்படித்தானாம்.”

ஸம்பத்குமார் மெய்சிலிர்த்துக் கைதட்டினார். ஆசீர்வாதம் கைதட்டவில்லை; கையில் குச்சி இருந்தது.

இந்த நல்ல தருணத்தில்தான் ஸம்பத்குமார் தோல்பையிலிருந்து படிவத்தை எடுத்து, சோயா ரசக் கிண்ணத்துக்கும் எலும்புத் தட்டுக்கும் நடுவே மெல்ல விரித்தார். பேனாவையும் திறந்து வைத்தார். படிவத்தைக் கண்ட மொரித்தாவின் முகம் கனிந்தது. ஜெரால்டின் துயரம் அவரை உண்மையாகவே வாட்டியிருந்தது. அவர் தாள்களை நம்புகிறவர். கோழி என்று தாள் சொன்னதால் கோழி என்றே நம்பியிருந்தார். இரண்டு விரல்களை ஒரு கோழி கொண்டுபோய்விட்டதே என்று மூன்று வாரமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு சாட்சியே எதிரில் உட்கார்ந்திருப்பதை உணர்ந்தார். உடனே மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டையை விரித்து, பேனாவை எடுத்து, நடுவே ஒரு கோடு இழுத்தார்.

“சார் ‘ஐந்து ஏன்’ கேக்கப் போறார்,” என்றாள் கல்பனா.

ஸம்பத்குமார் பார்லி நீரைக் கீழே வைத்தார். ‘ஐந்து ஏன்’ நிறுவனத்தின் வேதம். எந்தக் குறை நேர்ந்தாலும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்க வேண்டும்; ஐந்தாவது பதிலில் மூலகாரணம் அகப்படும். கழிவறைக் குழாய் ஒழுகினாலும் ஐந்து ஏன். அந்தப் பயிற்சியை ஆண்டுக்கு இருமுறை தம் வாயால் நடத்துபவர் ஸம்பத்குமார். ஒரு பொய்யின் மேல் அது பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பயிற்சிக் கையேட்டில் பக்கம் இல்லை.

“முதல் ஏன். ஏன் விரல் வெட்டுப்பட்டது?”

“கத்தி வழுக்கிவிட்டது என்று சொல்லும்மா,” என்று ஸம்பத்குமார் முந்திக்கொண்டார்.

“ரெண்டாவது ஏன். ஏன் வழுக்கிச்சு?”

“கோழி ஈரமாக இருந்தது.”

மொரித்தா எழுதினார். திருப்தியில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சமையல் மேடையை நோக்கிக் கையசைத்தார். நிறுவனத்தில் எதையும் நேரில், நடந்தபடியே நிகழ்த்திப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இரண்டு நிமிடத்தில் மேசையின் மேல் ஒரு பலகையும், ஒரு கத்தியும், உரித்த முழுக் கோழி ஒன்றும் வந்தன. ஸம்பத்குமார் பாயில் ஒரு முழம் பின்வாங்கி, மனத்துக்குள் பெருமாளை அழைத்தார்.

“ஜெரால்ட் அண்ணன் எப்படி வெட்டினார்னு காட்டச் சொல்றார்ணா,” என்றாள் கல்பனா.

ஆசீர்வாதம் கோழியைப் பார்த்தார். ஸம்பத்குமாரைப் பார்த்தார். இடது கையால் கோழியைப் பிடித்து, வலது கையால் கத்தியை எடுத்தார்; உலகம் முழுவதும் எப்படிப் பிடிப்பார்களோ அப்படி.

மொரித்தா கோழியை நோக்கினார். கத்தியை நோக்கினார். பிறகு அறிக்கையை நோக்கினார். பொறியாளர் அல்லவா, அவருடைய நெற்றி சுருங்கியது.

“போன விரல் எந்தக் கைன்னு கேக்கறார்.”

“வலது,” என்றார் ஆசீர்வாதம்.

“கத்தி எந்தக் கையிலன்னு கேக்கறார்.”

கரியில் கொழுப்புச் சொட்டும் ஓசை கேட்டது. கத்தியைப் பிடித்த கை தன் விரல்களைத் தானே வெட்டிக்கொள்ளும் வித்தையை மனிதகுலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

“ஜெரால்ட் இடதுகைக்காரர்!” என்றார் ஸம்பத்குமார்.

கல்பனா சொன்னாள். மொரித்தா மகிழ்ந்து தலையாட்டினார். மகிழ்ந்தபடியே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“இடதுகைக்காரர்னு மனிதவளப் பதிவேட்டுல ஏன் இல்லைன்னு கேக்கறார் சார். அப்படின்னா அது உங்க துறையோட குறையாம். அதுக்குத் தனியா அஞ்சு ஏன் போடணுமாம்.”

தலைவர்களின் பெருமை அவர்கள் பின்வாங்கும் வேகத்தில் தெரியும். “இல்லை, இல்லை. தப்பாச் சொல்லிட்டேன். ஜெரால்ட் கோழியைப் பிடிச்சிண்டு மட்டும்தான் இருந்தார். வெட்டினது அவர் சம்சாரம். சோனியா. அவங்க கத்தியை ஓங்கினப்போ இவர் கையை எடுக்கலை. அதான் நடந்தது. அப்படியே சொல்லு.”

கல்பனா சொல்லவில்லை. ஆசீர்வாதத்தைப் பார்த்தாள்.

ஆசீர்வாதம் கத்தியைப் பலகையின் மேல் ஓசைப்படாமல் வைத்தார். ஈரத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னா சொன்னீங்க சார்?”

“ஒரு பேச்சுக்குத்தான் ஆசீர்வாதம்...”

“இத்தினி நாளா கோழி, கோழின்னு சொல்லிக்கினு இருந்தீங்க. கம்முனு இருந்தேன். கோழி செத்துப்போச்சு, அது வந்து கேக்காது. சோனியா உயிரோட கீது சார். மூணு வாரமா புருசனுக்குச் சோறு ஊட்டிக்கினு கீது. அது வெட்டுச்சா?”

“யோவ், மெதுவாப் பேசுய்யா. பெரியவர் இருக்கார்.” ‘நீங்க’ விடைபெற்றுச் சென்றது.

“பெரியவர் கேக்கட்டும்னுதான் பேசறேன். கல்பனா, நீ சொல்லும்மா. கோழியும் இல்ல, ஊடும் இல்ல. நாலாம் நம்பர் பிரஸ்சு. செவ்வாக்கெழம, பதினொண்ணு பத்து. நான் ரெண்டடி தள்ளி நின்னுக்கினு இருந்தேன். மேல இருந்து எறங்கச்சொல்ல பையன் கை உள்ள இருந்துச்சு. தகட்டுலேந்து அந்த வெரல எடுத்தவன் நான்தான்.”

“கல்பனா, எல்லாத்தையும் மொழிபெயர்க்க வேண்டாம்னு சொன்னேன்!”

“ஆமா சார். நீங்க சொன்னதாலதான் உங்க தட்டுல ஆடிக்கினு இருந்தது காஞ்ச மீன் சீவல்னு நான் மொழிபெயர்க்கல,” என்றாள் கல்பனா. பிறகு மொரித்தாவின் பக்கம் திரும்பி, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் சொல்லத் தொடங்கினாள்.

அவள் பேசிய மூன்று நிமிடங்களில் ஸம்பத்குமார் முதல் தட்டையும் இரண்டாம் தட்டையும் குறித்துத் தனித்தனியாக வருந்தினார்.

மொரித்தாவின் கையில் பேனா அப்படியே இருந்தது. அவர் பழக்கத்தின் அடிமை. கைக்குட்டையில் கோழியின் பெயரை அடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். கல்பனாவின் குரலும் தாழ்ந்தது.

“மூணாவது ஏன். கை உள்ள போனா மிஷின் தானா நிக்கணுமே, ஏன் நிக்கலன்னு கேக்கறார்ணா.”

“சென்ஸர பைபாஸ் பண்ணி வெச்சிருக்காங்க. ஒயர் போட்டு.”

“நாலாவது ஏன். ஏன் பைபாஸ் பண்ணாங்க?”

“கை கிட்ட வந்தா பிரஸ்சு நிக்கும். நின்னா எண்ணிக்க கொறையும். மணிக்குத் தொள்ளாயிரம் அடிச்சிக்கினு இருந்தோம், இப்ப ஆயிரத்து நூறு கேக்கறாங்க. சென்ஸரு இருந்தா ஆயிரத்து நூறு வராது. அவ்ளோதான்.”

“அஞ்சாவது ஏன். ஆயிரத்து நூறுன்னு ஏன் ஏத்தினாங்க?”

“அது எனக்கு எப்டிம்மா தெரியும்? பிரஸ்சு பக்கத்துல பேப்பர் ஒட்டியிருக்குது. அதுல மொரித்தா சாரோட கையெழுத்துதான் கீது. அவரையே கேளு.”

கல்பனா மொழிபெயர்த்தாள்.

மூலகாரணம் அகப்பட்டுவிட்டது. ‘ஐந்து ஏன்’ முறையின் உலக வரலாற்றில் அது இவ்வளவு அருகில், இவ்வளவு கச்சிதமாக, சட்டையில் சோயா ரசம் சிந்திய நிலையில் அகப்பட்டது அதுவே முதன்முறையாக இருக்கலாம். மொரித்தா அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியது என்று அந்தோணி பின்னர் சொன்னதுண்டு, கரிப்புகையும் இருந்தது. அவர் கைக்குட்டையை நான்காக மடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார், எலும்புத் தட்டில் வைத்தார். பிறகு தணிந்த குரலில் சில வார்த்தைகள் சொன்னார்.

“இந்த மாதிரி விருந்துல மேல கீழன்னு கிடையாதாம்ணா,” என்றாள் கல்பனா, மேசையைப் பார்த்தபடி. “யார் வேணா யாரை வேணா என்ன வேணா சொல்லலாம். யாரும் கோவிச்சுக்கக்கூடாது. ஆனா காலைல எந்திரிச்சா, இங்க பேசினது எதுவும் யாருக்கும் ஞாபகம் இருக்கக்கூடாதாம். அதுதான் மரபாம்.”

ஸம்பத்குமாருக்கு உயிர் வந்தது. என்ன ஒரு பண்பாடு! நம் நாட்டில் ஓர் உண்மையை மறப்பதற்கு விசாரணைக் குழு அமைத்து, மூன்று முறை கால நீட்டிப்புக் கொடுத்து, அறிக்கை வாங்கி, அலமாரியில் பூட்ட வேண்டியிருக்கிறது. அங்கே மூன்று கோப்பை போதும். அவர் படிவத்தைக் கையால் நீவி, ஆசீர்வாதத்தின் பக்கம் நகர்த்தினார்.

“கேட்டீங்களா ஆசீர்வாதம்? யார் மேலயும் வருத்தம் இல்லை. மனசுல இருந்ததைக் கொட்டிட்டீங்க. இதுல ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுச் சந்தோஷமாப் போங்க.”

“போட்டா அது மட்டும் காலைல ஞாபகம் இருக்குமா சார்?”

ஆசீர்வாதம் எழுந்தார். ஓட்டைக் காலுறையோடு சமையல் மேடைவரை நடந்து அந்தோணியிடம் சொன்னார்: “நைனா, தொடக்கறி குச்சி நாலு பார்சல் கட்டு. ஜெரால்டுக்கு. குச்சியில இருக்கறதால ஒரு கையால துன்னலாம்.”

படிவம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதன் ஓரத்தில் கோழிக் கொழுப்பு மெல்லப் படர்ந்தது.

மறுநாள் காலை மரபு நிறைவேறியது. மொரித்தாவுக்கு எதுவும் நினைவில்லை. அறிக்கையில் கோழிதான் இருந்தது. கோழிக்கு உரிய நடவடிக்கை என்ன என்று மட்டும் எழுத்தில் கேட்டார். இத்தகைய நெருக்கடிகளில்தான் மேதைமை வெளிப்படும். ஒரு சாட்சி கையெழுத்திட மறுத்தால் என்ன? கோழி வெட்டும் விபத்தைத் தடுக்க நிறுவனம் முழுவதற்கும் பயிற்சி அளித்துவிட்டால், கோழி வெட்டும் விபத்து நடந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எது? நடக்காத ஒன்றுக்கு யாராவது பயிற்சி தருவார்களா?

சுற்றறிக்கை பிறந்தது. ‘இல்லக் கோழி வெட்டுப் பாதுகாப்பு இயக்கம்.’ அதன் ஒருங்கிணைப்பாளராக ஆசீர்வாதம் நியமிக்கப்பட்டு, பிரஸ் பிரிவிலிருந்து கேன்டீனுக்கு மாற்றப்பட்டார். அதற்குப் பெயர் தண்டனை அல்ல, ‘கிடைமட்டப் பணி வளர்ச்சி’. வெறும் பயிற்சி போதாது, கருவியும் வேண்டும் என்று மொரித்தா குறிப்பெழுதியதால், நான்காம் எண் பிரஸ்ஸில் சும்மா கிடந்த சென்ஸரைக் கழற்றி வந்து கேன்டீனின் வெட்டுப் பலகையில் பொருத்தினார்கள். இனி எந்தக் கோழியின் அருகேயும் கை போனால் மணி அடிக்கும். நான்காம் எண்ணில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு புதிய ஒப்பந்தத் தொழிலாளி நிறுத்தப்பட்டார். மணிக்கு ஆயிரத்து நூறு.

பயிற்சி ஒரு வாரம் நடந்தது. நாளொன்றுக்கு இரண்டு அணிகள். ஸம்பத்குமார் ஒரு நாள்கூட உள்ளே எட்டிப்பார்க்கவில்லை. கோழி வெட்டும் இடத்தில் அவர் எப்படி நிற்பார்? வெளியே நின்று ஒவ்வோர் அணியும் கையெழுத்திட்டதை மட்டும் உறுதி செய்தார். வருகைப் பதிவேட்டை அவரே வடிவமைத்திருந்தார். பெயர், எண், கையெழுத்து. கடைசிக் கட்டத்தில் ‘இப்பயிற்சியில் நான் கற்றது’, ஒவ்வொருவரும் தம் கைப்பட. பிறர் எழுதிக் கொடுத்தால் தலைமையகம் ஏற்காது என்று கண்டிப்பாக அறிவித்திருந்தார். கடைசி அணி முடிந்த சனிக்கிழமை, தாள்களை வருடி எண்ணிக்கையைச் சரிபார்த்து, ஒவ்வொன்றிலும் நிறுவன முத்திரை குத்தி, மொழிபெயர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கல்பனாவிடம் கொடுத்தார்.

அவள் திங்கட்கிழமை அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் பதவி உயர்வுக்கான தன்விவரக் குறிப்பில் தம் சாதனையைச் சேர்ப்பதற்காக, அலுவலகப் பிரதியை முதன்முறையாகப் பிரித்துப் படித்தார் ஸம்பத்குமார்.

முதல் தாள், வெல்டிங் பிரிவு ஜெபா. ‘நான் கற்றது: ஜெரால்ட் விரல் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் போனது. இந்தப் பலகையில் உள்ள சென்ஸரைக் கழற்றி அங்கே மாட்ட வேண்டும்.’

இரண்டாம் தாள், பெயின்ட் பிரிவு பச்சையப்பன். ‘நாலாம் நம்பர் பிரஸ்ஸில் நடந்ததைப் பார்த்த நான், இன்று அதன் சென்ஸரைக் கோழிப் பலகையில் பார்த்தேன்.’

மூன்றாம் தாள், கேன்டீன் முத்தம்மா. ‘கோழி வெட்டினால் விரல் போகாது. இருபது வருசமாக வெட்டுகிறேன். பிரஸ்ஸில் போகும்.’

நான்காம் தாளும் அதையே சொன்னது. நாற்பதாம் தாளும் அதையே சொன்னது. எழுதத் தெரியாத ஒருவர் கட்டத்துக்குள் ஒரு கையை வரைந்து, இரண்டு விரல்களை வரையாமல் விட்டிருந்தார்.

விபத்தே நடக்காத ஒரு நிறுவனத்தில், அந்த விபத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு சாட்சிகளைத் திரட்டி, ஒவ்வொருவரிடமும் கைப்பட வாக்குமூலம் வாங்கி, முத்திரையிட்டு, தம் சொந்தச் செலவில் இல்லாமல் நிறுவனத்தின் செலவிலேயே ஜப்பானுக்கு அனுப்பிவைத்த பெருமை, இந்திய மனிதவள வரலாற்றில் ஸம்பத்குமார் ஒருவரையே சேரும்.